ஹெரால்டின் தம்பி ஏன் பெருங்களத்தூரில் பிறக்கவில்லை?

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே நம்ம பசங்க ஃபெராரி, லம்போர்கினி என்று கோடிக்கணக்கில்தான் பேசுவார்கள். வாங்கப் போவதில்லை என்பதால் எந்த விலையும் பேசலாம் :-) ஆனால் ஐரோப்பாவில் இன்னொரு வம்சமும் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரும் பேங்க் கிளார்க்கும் தவணையில் வாங்கக்கூடிய, இரண்டே சீட் உள்ள, கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள். எம்.ஜி, ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஃபியட் ஸ்பைடர். இதில் எது ஒசத்தி என்று பழைய கார் பிரியர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

அந்தச் சண்டையில் நானும் ஒரு பக்கம் சேரப் போகிறேன். அதற்கு முன்னால் ரொம்ப நாளாக என்னைக் குடைகிற ஒரு கேள்வி. மேலே சொன்ன கார்கள் எதுவுமே இந்தியாவில் தயாரானதில்லை. ஆனால் அவற்றின் சொந்தக்காரர்கள் மூன்று பேரும் இங்கேதான் தயாரானார்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதிலும் ஹெரால்டு தயாரானது தாம்பரம் தாண்டி இருக்கிற பெருங்களத்தூரில். அண்ணன் பிறந்த வீட்டில் தம்பி ஏன் பிறக்கவில்லை?

சொந்தம் என்று சும்மா சொல்லவில்லை. விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரின் ரகசியமே அதுதான். எம்.ஜி என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கார் விற்ற கடை. அதன் மேலாளர் செசில் கிம்பர் 1920களில் சாதாரண மாரிஸ் கார்களுக்குக் கொஞ்சம் வேகமும் அழகான பாடியும் கொடுத்து விற்க ஆரம்பித்தார். 1929இல் விற்பனைக்கு வந்த எம்.ஜி மிட்ஜெட், மாரிஸ் மைனர் என்ற குட்டிக் குடும்பக் காரின் 847 சிசி என்ஜினில்தான் ஓடியது.

பி.காம். படிக்கிறவனுக்கு இது உடனே புரியும். காரின் செலவு இரும்பும் கூலியும் மட்டும் இல்லை. என்ஜினை வடிவமைக்க வேண்டும், அதை வார்க்க, கடைய மெஷின் போட வேண்டும், கியர் பாக்ஸுக்குத் தனி மெஷின், பாடித் தகட்டை அழுத்த டை. இந்த நிலைச் செலவு நூறு கார் செய்தாலும் லட்சம் கார் செய்தாலும் ஒன்றுதான். சில ஆயிரம் பேர் வாங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனியாக இத்தனையும் செய்தால் விலை எங்கேயோ போய்விடும். லட்சக்கணக்கில் விற்கும் குடும்பக் கார் அந்தச் செலவைச் சுமக்கட்டும், நாம் பாடியை மட்டும் மாற்றுவோம். அவ்வளவுதான் கணக்கு. ஜெர்மனியில் 1955இல் வந்த கார்மன் கியாவும் இதே கதைதான். மேலே அழகான பாடி, கீழே ஃபோக்ஸ்வேகன் பீட்டில்.

இந்தக் கணக்கை எல்லாரையும் விடக் கறாராகப் போட்டது 1958இல் வந்த ஸ்ப்ரைட். என்ஜினும் முன்சக்கர சஸ்பென்ஷனும் ஆஸ்டின் ஏ35இல் இருந்து, ஸ்டியரிங் மாரிஸ் மைனரில் இருந்து. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே கைவிட்டுத் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடியே கிடையாது, சீட்டை மடக்கிப் பின்னால் நுழைய வேண்டும். பானெட் மேல் தவளைக் கண் மாதிரி இரண்டு ஹெட்லைட். 948 சிசி, 43 குதிரைத் திறன். இதை விட இரண்டு மடங்கு திறன் உள்ள இன்றைய சாதாரணக் காரில் உட்கார்ந்துகொண்டு நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த 43 குதிரை இழுத்த எடை ரொம்பக் குறைவு.

இப்போது டிரையம்ஃப் கதைக்கு வருவோம். எனக்குப் பிடித்த கதை இது.

கவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. டிரையம்ஃப் அதன் கையில் இருந்த இன்னொரு பெயர். 1950களில் ஒரு புதுக் குடும்பக் கார் செய்யப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் சேஸிஸை விட்டுவிட்டு, பாடியையே ஒரே கூடாக வெல்டிங் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இவர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழுக்கூடு செய்து தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழையபடி தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, கொண்டு வந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த அழகான உருவம். 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாகத் திறக்கும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கீழக்கரை சந்துகளுக்கென்றே செய்த மாதிரி!

துண்டு துண்டான காருக்கு ஒரு லாபம் உண்டு. சேஸிஸைக் குட்டையாக்கி மேலே வேறு பாடியை வைத்துவிடலாம். ஒரே கூடாக இருக்கும் காரில் அது நடக்காது. மிக்கெலாட்டி அப்படியே ஒரு இரண்டு சீட் கார் செய்து காட்டினார். கம்பெனியில் காசு இல்லை, அந்த மாதிரிக் கார் ஃபாக்டரி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபை வாங்கிய பிறகு, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அது பட, உடனே உற்பத்திக்கு உத்தரவானது. 1962 அக்டோபரில் ஸ்பிட்ஃபயர் வந்தது. ஹெரால்டின் என்ஜின் வகைதான், 1147 சிசியாகப் பெருத்து, இரண்டு கார்புரேட்டரோடு 63 குதிரைத் திறன். 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

அதே 1962இல் எம்.ஜி.பி.யும் வந்தது. 1798 சிசி, 95 குதிரைத் திறன், தனி சேஸிஸ் இல்லாத உறுதியான பாடி. 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல். 1966இல் இத்தாலியில் இருந்து ஃபியட் 124 ஸ்பைடர். இதன் என்ஜினை வடிவமைத்தவர் ஃபெராரியில் இருந்து வந்த ஆரேலியோ லாம்ப்ரெடி. மேலே இரட்டை கேம்ஷாஃப்ட், ஐந்து கியர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 1966இல் இது சாதாரண விஷயம் இல்லை.

சரி, எது ஒசத்தி? வெறும் பொறியியலைப் பார்த்தால் ஃபியட்தான், சந்தேகமே வேண்டாம். எம்.ஜி.பி. ஒரு நல்ல அம்பாசடர் மாதிரி, எதையும் தாங்கும், எவரும் பழுது பார்க்கலாம், கொஞ்சம் கனம். ஸ்பிட்ஃபயருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. ஹெரால்டில் இருந்து வந்த பின்சக்கர ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும், வண்டி சுழன்றுவிடும். 1970இல் வந்த நாலாவது மாடலில்தான் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைச் சரி செய்தார்கள். மூன்று காருக்குமே பொது எதிரி துரு. எங்க ஊர் உப்புக்காற்றில் எதையும் ஒரு வருஷம் வெளியே நிறுத்தக்கூடாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் என் ஓட்டு ஸ்பிட்ஃபயருக்குத்தான். பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கெட்டும், பாடியின் எந்தத் துண்டு போனாலும் கழற்றி மாற்றலாம். காசு குறைவாக இருக்கிறவனுக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பழுது பார்க்கும் செலவும் அதில் சேர்த்திதானே?

இப்போது நம்ம ஊர்.

அம்பாசடரில் ரொம்ப காலம் ஓடிய 1489 சிசி என்ஜின் பி.எம்.சி.யின் பி சீரிஸ். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே 1489 சிசி என்ஜின்தான், கூடுதலாக ஒரு கார்புரேட்டர், இன்னும் சில மாற்றங்கள். பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட் 1100இன் என்ஜினைக் கொஞ்சம் பெருக்கித்தான் இத்தாலியில் 1959இல் ஃபியட் 1200 கேப்ரியலே ஓடியது. 1985இல் பிரீமியர் கொண்டு வந்த 118 என்.இ. காரின் பாடி, ஃபியட் 124 குடும்பத்தைச் சேர்ந்தது. நம் டாக்டர்களும் காண்ட்ராக்டர்களும் ஓட்டிய அந்தச் சதுரமான கார், 124 ஸ்பைடருக்கு ரத்த சொந்தம்!

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென். 1961இல் ஹெரால்டு. டிரையம்ஃப் என்ற பெயரை விட ஸ்டாண்டர்ட் என்ற பெயர் இங்கே பழகியிருந்ததால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றே விற்றார்கள். இங்கிலாந்தில் 1961லேயே ஹெரால்டு 1147 சிசிக்குப் போய்விட்டது, இங்கே கடைசி வரை 948 சிசிதான். ஆனால் நம்ம ஆட்கள் சும்மா நகல் எடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டு காருக்கு இரண்டு கதவுதான், பெருங்களத்தூரில் நாலு கதவு வைத்தார்கள். 1972இல் அதையே கெஸல் என்று மாற்றியபோது ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். ஒரே குறைக்கு கவென்ட்ரியில் ஒரு தீர்வு, பெருங்களத்தூரில் ஒரு தீர்வு. அங்கே வளைவில் வேகமாகப் போகிறவனுக்காக. இங்கே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்குகிறவனுக்காக.

ஆக சேஸிஸ் இருந்தது, என்ஜின் இருந்தது, கை வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். தம்பி மட்டும் வரவில்லை.

லைசன்ஸ் ராஜ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது பாதிதான் உண்மை. 1951 தொழில் சட்டப்படி எதைச் செய்யவும் எத்தனை செய்யவும் அனுமதி வேண்டும். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டில் வெளிநாட்டுப் பாகம் எதற்கும் இறக்குமதி லைசன்ஸ் வேண்டும். (எங்க பெரியபட்டினத்துக்கு 13, 14ஆம் நூற்றாண்டிலேயே சீனப் பீங்கான் கப்பலில் வந்திறங்கியிருக்கிறது, 1980களில் தோண்டியபோது துண்டு துண்டாகக் கிடைத்தது. 700 வருஷம் கழித்து ஒரு கார்புரேட்டர் வர டெல்லியில் கையெழுத்து!) போதாததற்கு 1969இல் அரசாங்கமே கார் விலையை நிர்ணயித்தது. கார் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் ஒரு காருக்கு என்ன செலவு, எவ்வளவு லாபம் நியாயம் என்று வாதாடின. லாபத்தையே அளந்து கொடுக்கும்போது, புது டைக்கு யார் பணம் போடுவார்கள்?

ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. லைசன்ஸ் கொடுத்திருந்தாலும் கணக்கு இடித்திருக்கும். இங்கிலாந்தில் ஹெரால்டு மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அந்த அண்ணன் தோளில்தான் தம்பி ஏறினான். அதுவும் உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி இல்லை. ஸ்பிட்ஃபயரில் பாதிக்கு மேல் ஏற்றுமதி, முக்கியமாக அமெரிக்காவுக்கு. பெருங்களத்தூரில் வருஷத்துக்குச் சில ஆயிரம் கார்தான். அதில் இரண்டு சீட் கார் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரே ஒரு கார் வாங்கும் குடும்பம், உம்மா வாப்பா பிள்ளைகள் எல்லாரும் ஏறுகிற காரைத்தான் வாங்கும். நாலு கதவு வைத்த கம்பெனி தன் வாடிக்கையாளரைச் சரியாகத்தான் புரிந்துகொண்டது.

1970களின் பிற்பகுதியில் கெஸல் நின்றது. 1985இல் ரோவர் பாடிக்குள் பழைய வேன்கார்ட் வழி என்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசுக் கார் விட்டார்கள். மாருதி வந்த பிறகு யார் அதை வாங்குவார்கள்? சில வருஷத்தில் கம்பெனியே மூடியது. ஃபாக்டரி இருந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள்.

கம்பெனி செய்யாததைப் பசங்க செய்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடந்தது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது, 1980களின் கடைசி வரை. வீட்டு ஹெரால்டையும் ஃபியட்டையும் பிரித்து, தேவையில்லாததைக் கழற்றி வீசி, என்ஜினைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். கிம்பர் 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த அதே வேலை.

அதை உருப்படியாகச் செய்து முடித்தவர் கோவை எஸ். கரிவரதன். 1980களின் கடைசியில் மாருதி 800இன் என்ஜினை வைத்து ஒற்றை சீட் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். ஏன் அது சாத்தியமானது? லட்சக்கணக்கில் ஓடும் ஒரு குடும்பக் கார் இந்தியாவில் அப்போதுதான் முதல் முறையாக வந்திருந்தது. என்ஜின் மலிவு, பார்ட்ஸ் எந்தத் தெருவிலும் கிடைக்கும். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். கோவையில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 1990களின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம். இந்தியாவில் தயாரான இரண்டு சீட், திறந்த கூரை, ஃபைபர் பாடி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே என்றால், உள்ளே இருந்தது ரெனோவின் 1149 சிசி என்ஜின். அன்றைக்கு இந்தியாவில் தயாரான வேறு எந்தக் காரிலும் அது இல்லை. சுமக்க அண்ணன் இல்லாத தம்பி. ரொம்பக் குறைவாகத்தான் விற்றது.

2025இல் எம்.ஜி. பெயரிலேயே ஒரு இரண்டு சீட் திறந்த கார் இந்தியாவுக்கு வந்தது, சைபர்ஸ்டர். மின்சாரக் கார், கம்பெனி இப்போது சீனாக்காரர்கள் கையில், விலை 70 லட்சம் ரூபாய்க்கு மேல். வாத்தியாரும் கிளார்க்கும் பார்த்துவிட்டுப் போகலாம்.

பழைய ஹெரால்டு வைத்திருக்கிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் உலகம் முழுக்க இருப்பதால் அதன் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முன்சக்கர சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ரேக் எல்லாம் இரண்டுக்கும் ஒரே குடும்பம். அந்த முன்சக்கரப் பாகத்தைத்தான் லோட்டஸ் கம்பெனி தன் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கும் வாங்கிப் போட்டது. அடுத்த தடவை எங்காவது கொட்டகையில் தூசி படிந்து ஒரு ஹெரால்டு நின்றால், பானெட்டைத் தூக்கச் சொல்லி முன்சக்கரத்துப் பக்கம் எட்டிப் பாருங்கள்.