யூபிலியும் ஒரு கடற்படை இசைஞரும்



நமது பங்கின் பொன்விழா மலரில் அந்நிய நாட்டுக் கடற்படை இசைஞர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 'யூபிலி' என்னும் சொல்லே அதற்கு விடை. எபிரேய மொழியில் அது ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறித்த சொல். ஐம்பதாம் ஆண்டில் நாடெங்கும் கொம்பு ஊதப்பட வேண்டும், அடிமைப்பட்டோர் விடுதலை பெற்றுத் தத்தம் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆகவே யூபிலி என்றால் முதலில் ஓர் இசைக்கருவி. அடுத்து, அடிமைக்கு விடுதலை. இவ்விரண்டும் ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதைக் காண்போம்.

அவர் பெயர் ஜோசப் எமிடி. ஏறத்தாழ 1775-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் பிறந்தவர். சிறுவயதிலேயே போர்ச்சுக்கீசிய வணிகரிடம் அடிமையாக விற்கப்பட்டு, பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டார். பின்னர் எசமானோடு லிஸ்பன் நகர் வந்து சேர்ந்தார். அவருக்கு இசையில் இருந்த நாட்டத்தைக் கண்டு, ஒரு பிடிலும் கற்றுத்தர ஓர் ஆசிரியரும் ஏற்பாடு செய்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் லிஸ்பன் ஆப்பரா அரங்கின் இசைக்குழுவில் வாசிக்குமளவுக்குத் தேர்ந்தார்.

1795-ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்தன. 'இன்டிஃபேட்டிகபிள்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் லிஸ்பனில் தங்கியிருந்தது. அதன் தலைவர் எட்வர்ட் பெல்யூ ஆப்பரா பார்க்கச் சென்றவர், எமிடியின் வாசிப்பைக் கண்டு, தம் மாலுமிகள் ஆடிப்பாட இப்படியொருவர் வேண்டும் என்று எண்ணினார். ஒருநாள் இரவு இசை முடிந்து வெளியே வந்த எமிடியைப் பிடிலோடும் வில்லோடும் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

நாலாண்டுகள் கடல்தான் அவருக்குச் சிறை. தப்பிவிடுவார் என்று கரையிறங்க விடவில்லை. பெரும் இசைமேதைகளின் படைப்புகளை வாசித்துப் பழகிய கைகள், மாலைதோறும் மாலுமிகளின் ஆட்டத்துக்கு மெட்டு வாசித்தன. பாபிலோன் ஆற்றங்கரையில் சிறைப்பட்டோரிடம் பாட்டுக் கேட்டவர்களைப்பற்றி 137-ஆம் திருப்பாடல் கூறுகிறதல்லவா? அதே துயரம் இது.

1797 ஜனவரியில் பிரிட்டனிக் கரைக்கு அருகே, கடும் புயலில், இக்கப்பல் தன்னிலும் பெரிய பிரெஞ்சுக் கப்பலொன்றோடு இரவு முழுதும் போரிட்டது. பிரெஞ்சுக் கப்பல் கரையில் மோதி உடைந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அக்கப்பலின் பெயருக்கு 'மனித உரிமைகள்' என்று பொருள். அதை எதிர்த்துச் சுட்ட கப்பலிலோ, உரிமை பறிக்கப்பட்ட மனிதர் ஒருவர் பிடிலோடு இருந்தார்!

1799 பிப்ரவரியில், பெல்யூ வேறு கப்பலுக்கு மாற்றப்பட்ட வேளையில், கார்ன்வால் பகுதியிலுள்ள ஃபால்மவுத் துறைமுகத்தில் எமிடிக்கு விடுதலை கிடைத்தது. உற்றார் இல்லை, ஊர் இல்லை. எந்தப் பிடிலுக்காகப் பிடிக்கப்பட்டாரோ, அதே பிடிலைக்கொண்டே பிழைக்கத் தொடங்கினார். பிடில், புல்லாங்குழல், பியானோ எனப் பல கருவிகளைக் கற்பித்தார். 1802-இல் அவ்வூர்ப் பெண் ஒருவரை மணந்து பிள்ளைகளைப் பெற்றார். பின்னர் ட்ரூரோ நகரில் குடியேறி, அங்குள்ள இசைச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். தாமே இசைப் படைப்புகளும் இயற்றினார்.

அவரிடம் புல்லாங்குழல் கற்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம். பிற்காலத்தில் கல்கத்தாவில் செய்தித்தாள் நடத்தியவர். எமிடியின் கதையை நமக்கு எழுதி வைத்தவரும் அவரே. அவர் தம் ஆசிரியரின் படைப்புகளை இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். இசைமேதை ஹைடனை இங்கிலாந்துக்கு அழைத்து வந்த சாலமோன் அவற்றைக் கேட்டு மெச்சி, எமிடி இலண்டனிலே வாசிக்கலாம் என்றார். மற்றவர்களோ, அவருடைய நிறம் தடையாகும் என்று அஞ்சினார்கள். முடிவில் கொஞ்சம் பணம் திரட்டி அனுப்பினார்கள்; அழைப்பு வரவில்லை. படைப்புகளில் ஒன்றும் இன்று நம் கைக்குக் கிட்டவில்லை.

1835 ஏப்ரல் 23-ஆம் நாள் எமிடி இறந்தார். ட்ரூரோவை அடுத்த கென்வின் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். கல்லறைக் கல்வெட்டு அவரைப் போர்ச்சுக்கல் நாட்டவர் என்கிறது. கினிக் கரையைப்பற்றியோ கப்பலைப்பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை.

பெல்யூவின் கதை இன்னும் வியப்பானது. 1805 முதல் 1809 வரை கீழைக்கடல் படைத்தலைவராக நமது சென்னையில் இருந்தவர் அவர். 1816-இல் அல்ஜீர்ஸ் நகரைப் பீரங்கியால் தாக்கி, அங்கு அடிமைப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களை விடுவித்தவரும் அவரே. அயலான் செய்யும் அடிமைத்தனம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது; நம் கப்பலில் இருப்பவன் தெரிவதில்லை.

நம் முன்னோர்க்கு முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்த குருக்களை ஏற்றிவந்ததும், ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கி ஏற்றியதும் ஒரே நாட்டுக் கப்பல்கள்தாம். இதை மறைப்பதால் விசுவாசத்துக்குப் பெருமை சேராது. 1537-இல் பாப்பரசர் 3-ஆம் சின்னப்பர் அமெரிக்கப் பழங்குடியினரை அடிமைப்படுத்தலாகாது என்றார். 1839-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் கறுப்பின மக்களை விற்கும் வாணிபத்தை வன்மையாகக் கண்டித்தார். எமிடி இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்பார்ந்தவர்களே, தேர்ப்பவனியில் பேண்டு வாசிப்போர் முன்னே நடந்தால்தான் நமக்குத் திருவிழாக் களை கட்டுகிறது. பவனி முடிந்தபின் அவர்கள் எங்கே அமர்கிறார்கள், எப்போது உண்கிறார்கள் என்று பார்க்கிறோமா? இசை நமக்கு வேண்டும், இசைப்பவர் தள்ளி நிற்கட்டும் என்பது பெல்யூவின் கணக்கு. கிறிஸ்துவின் பந்தியில் அந்தக் கணக்கு செல்லாது. இப்பொன்விழா அசன விருந்தில் முதல் பந்தியிலேயே, நம் வீட்டுப் பெரியவர்களின் பக்கத்தில், அவர்களுக்கும் இலை போடுவோம். அப்போதுதான் நாம் ஊதும் யூபிலிக் கொம்பு மெய்யாகவே ஒலிக்கும்.

சிறைப்பட்டோருக்கு விடுதலையை அறிவிக்க வந்த நம் ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!