நிழல் வரைந்த பனி உலகங்கள்

ஞாயிற்றை நிழல் மறைத்தால் நடுங்குகிறோம். திங்களை நிழல் தொட்டால் தீட்டு என்கிறோம். அடுப்பை அணைக்கிறோம், கருவுற்ற பெண்ணை அடைத்த கதவுக்குள் அமர்த்துகிறோம், குடிநீரில் தருப்பையைக் கிள்ளிப் போடுகிறோம், நிழல் நீங்கியதும் தலைமுழுகி, தப்பினோம் பிழைத்தோம் என்று பெருமூச்செறிகிறோம். பாம்பு விழுங்கிற்றாம், பாம்பு உமிழ்ந்ததாம்! கதையென்று கேட்டுச் சிரித்திருந்தால் கேடில்லை. உண்மையென்று நம்பினோம், கேடு அங்கேதான் நுழைந்தது.

நாம் அஞ்சும் அதே நிழலை அளவுகோலாக்கி, எந்தத் தொலைநோக்கியிலும் உருவம் தெரியாத பனி உலகங்களைத் தாளில் வரைந்து காட்டியவர்கள் உண்டு. அவ்வரலாற்றில் ஓர் ஏடு, நம் சேலத்துக்கு வடகிழக்கே, சவ்வாது மலையில், காவலூர் என்னும் சிற்றூரில் எழுதப்பட்டது. இதைத் தமிழருள் எத்தனை பேர் அறிவர்?

1781 மார்ச் 13 அன்று, இங்கிலாந்தின் பாத் நகரில், வில்லியம் ஹெர்ஷல் என்னும் இசைவாணர், தம் வீட்டுத் தோட்டத்தில், தம் கையால் செய்த தொலைநோக்கியின் வழியே யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 287 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உலவும் கோள் அது. கோள்கள் ஒன்பதே என்று வரம்பு கட்டி, ஒன்பதுக்கும் பரிகாரம் விதித்த சோதிடர் எவரும் அதைக் கண்டாரில்லை. அவர்கள் எண்ணிய ஒன்பதில் இரண்டு, இல்லாத பாம்பின் தலையும் உடலும் அன்றோ!

ஹெர்ஷல் கண்டது ஒரு சிறு ஒளிவட்டு. இருநூறு ஆண்டுகள் உருண்டோடியும், நிலவுலகின் பெருந்தொலைநோக்கிகளில் அது பசுநீல வட்டாகவே தெரிந்தது. அதைச் சுற்றியுள்ள அனைத்தையும் வரைய எவராலும் இயலவில்லை. ஒளி சொல்ல மறுத்ததை நிழலிடம் கேட்கத் துணிந்தனர் வானநூலார்.

நிழல் எப்படி விடை சொல்லும்? விண்மீன் மிக மிகத் தொலைவில் உள்ளது. அதன் கதிர்கள் நம்மை இணைகோடுகளாகவே வந்தடைகின்றன. கைவிளக்கின் முன் நீட்டிய விரலின் நிழல் சுவரில் பூதமாய்ப் பெருக்கும்; விண்மீனின் ஒளியை ஒரு கோள் மறைக்கும்போது விழும் நிழல் அவ்வாறு பெருக்காது. கோளின் அளவே நிழலின் அளவு. நிழல் ஓடும் வேகத்தைக் கணக்கு கூறும். விண்மீன் மறைந்திருந்த நேரத்தைக் கடிகாரம் கூறும். நொடிக்கு 20 கிலோமீட்டர் ஓடும் நிழல் ஓரூரைக் கடக்க 10 நொடி கொண்டால், அவ்வூரின் நேர்க்கோட்டில் கோளின் குறுக்களவு 200 கிலோமீட்டர். பல ஊர்களில் அளந்தால் பல கோடுகள் கிட்டும். எடப்பாடித் தறியிலே பாவு நூல்கள் பக்கம் பக்கமாய் நிற்பது போல் அக்கோடுகளை அடுக்கி, முனைகளை இணைத்தால், எவரும் காணாத உலகின் வடிவம் தாளில் எழும். மந்திரம் இல்லை, மாயம் இல்லை, பெருக்கல் கணக்கு!

1792-இல் சென்னையில் அமைந்த வானாய்வுக் கூடத்தின் பணி, 1899-இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அப்பணியை ஏற்ற வைணு பாப்பு, இருள் நிறைந்த வானத்தைத் தேடி, காவலூரைத் தேர்ந்தார். 1972-இல் 1 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று, பாறையும் பனிக்கட்டியுமான கானிமீட் என்னும் வியாழனின் துணைக்கோள் ஒரு விண்மீனை மறைத்தது. சாவகத் தீவின் லெம்பாங்கிலும் நம் காவலூரிலும் அதை அளந்தனர்; அளந்தவற்றைக் கொண்டு, கானிமீடில் மெல்லிய காற்று உண்டு என்றனர்.

1977 மார்ச் 10 வந்தது. அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் என்று முன்னரே கணித்திருந்தனர். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் எலியட் குழுவினர், தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின்மீது பறந்தனர். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் தொலைநோக்கியின் முன் விழித்திருந்தனர். கோள் நெருங்கும் முன்பே, எவரும் எதிர்பாராத வேளையில், விண்மீனின் ஒளி விழுந்தது. சில நொடிகளில் மீண்டது. வானூர்தியில் இருந்தோர், கோளின் ஒருபுறம் ஐந்து மங்கல்களையும், மறுபுறம் அவற்றுக்கு இணையான மங்கல்களையும் கண்டனர். இருபுறமும் ஒத்து நிற்பது எது? வளையம்!

காவலூரார் தாம் கண்டதைப் புதியதொரு துணைக்கோள் என்றே முதலில் கருதி, நேச்சர் இதழில் எழுதினர். பல இடத்து அளவுகளும் ஒப்பிடப்பட்ட பின், அவர்கள் கண்டதும் வளையமே என்று தெளிந்தது. அன்று கண்டவற்றுள் அகலமானதும் 100 கிலோமீட்டரை எட்டாது. பனியும் கரிய பொருளும் கலந்த துண்டுகளின் மெல்லிய கோடு அது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அருகே சென்று படமெடுத்து, நிழல் சொன்னது மெய்யே என்றது. இன்று அறியப்பட்ட வளையங்கள் 13.

கானிமீடின் கதை வேறாக முடிந்தது. 1979-இல் வாயேஜர் 1 அளந்தபோது, முன்பு கருதிய அளவுக்கு அங்கே காற்றில்லை என்று தெரிந்தது. துணைக்கோள் என்றது வளையமாயிற்று; காற்று உண்டு என்றது குறைந்துபோயிற்று. இது இழுக்கா? இழுக்கன்று; அறிவியலின் நாணயம்! இன்று சொன்னதை நாளை உரசிப் பார்ப்பது அதன் இயல்பு. கிரகணம் நிழலே என்று கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதினார். அந்த நிழற்கணக்கின் வழியே கிரகணம் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் பிசகாமல் அச்சிடும் பஞ்சாங்கம், அதே பக்கத்தில் எந்தெந்த நட்சத்திரக்காரர் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் அச்சிடுகிறது. கணக்கை எடுத்துக்கொண்டனர், காரணத்தைக் கைவிட்டனர்.

இரு காட்சிகளை எண்ணிப் பாருங்கள்.

2017 ஜூலை 17. தென்னமெரிக்காவில், அர்ஜென்டினா நாட்டுக் கொமடோரோ ரிவாடாவியா நகரம். ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு சிறு பனியுலகின் நிழல் அப்பகுதியைக் கடக்க இருந்தது. அதன் நீளம் சுமார் 35 கிலோமீட்டர். அரோக்கோத் என்ற பெயர்கூடப் பின்னரே அதற்குக் கிடைத்தது. ஓரிரு நொடியில் ஓடி மறையும் அந்நிழலுக்காக ஊரார் தெருவிளக்குகளை அணைத்தனர். நெடுஞ்சாலையை இரண்டு மணிநேரம் மூடினர். லாரி ஓட்டுநர்கள் தம் வண்டிகளை அரணாக நிறுத்தி, தொலைநோக்கிகளைக் காற்றிலிருந்து காத்தனர். ஐந்து தொலைநோக்கிகள் நிழலைப் பிடித்தன. இரு கட்டிகள் ஒட்டியது போன்ற உருவம் தாளில் எழுந்தது. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹரைசன்ஸ் விண்கலம் அருகே பறந்து எடுத்த படத்திலும் அதே உருவம்!

2019 டிசம்பர் 26. கோவையிலும் திண்டுக்கல்லிலும் ஞாயிறு நெருப்பு வளையமாய் நின்ற நாள். எடப்பாடியிலும் அதன் பெரும்பகுதி மறைந்த நாள். அன்று, கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், ஊனம் நீங்கும் என்று நம்பி, உடற்குறையுள்ள குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர். அக்குழந்தைகளின் அழுகுரல் எந்தப் பாம்பின் செவியில் விழுந்தது?

அங்கே ஓர் ஊர், நிழலை அறிவதற்காக விளக்கை அணைத்தது. இங்கே நாம், நிழலுக்கு அஞ்சி அறிவின் விளக்கை அணைக்கிறோம். அந்த ஊரார் அனைவரும் வானநூல் கற்றவரல்லர். அறிவுக்கு இடம் விட்டவர்கள். வேறுபாடு அவ்வளவே.

அடுத்த கிரகணத்தன்று பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருக்கட்டும். வெறுங்கண்ணால் ஞாயிற்றை நோக்கக் கூடாது. அது கண்ணைக் கெடுக்கும். அட்டையில் ஊசித்துளை இட்டு, ஞாயிற்றின் உருவைத் தாளில் விழச் செய்து, பிள்ளைகளைக் கோடு வரையச் சொல்லுங்கள். நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைகள் மட்டுமல்ல, அடுக்களையில் அடைக்கப்படும் பெண்பிள்ளைகளும் வரட்டும். நிழலை அளந்து பழகிய பிள்ளை நிழலுக்கு அஞ்சாது. நிழலுக்கு அஞ்சாத பிள்ளையை, நிழலைக் காட்டி எவரும் ஏய்க்க இயலாது.