பனியை எடை போட்டால் கோடைத் தண்ணீர் தெரியுமா? கலிபோர்னியாவின் கணக்கு இதுதான்!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதிகாரிகள் அலுமினியக் குழாயுடன் சியரா நெவாடா மலைக்குப் போகிறார்கள். தேங்கிக் கிடக்கும் பனியில் குழாயைத் தரை வரை இறக்கி, வெளியே எடுத்து, தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். இதில் ஏப்ரல் தொடக்கத்தில் எடுக்கும் அளவுதான் ரொம்ப முக்கியம். பனி பொதுவாக உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

மலைப்பனிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கலிபோர்னியாவில் மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்தோடு முடிந்துவிடும். ஆனா, பயிர்களுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் அதிகம் தேவைப்படுவது கோடையில்! இந்த இடைவெளியைச் சமாளிக்க உதவுவது மலைப்பனி. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் மெல்ல உருகி அணைகளுக்கு வந்து சேரும். மாகாணத்தின் தண்ணீர் தேவையில் சராசரியாக 30 சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது.

உயரத்தை அளந்தா போதாதா?

போதாது. புதுசா விழுந்த பனி பஞ்சு மாதிரி. 10 அங்குலம் உருகினாலும் சுமார் ஒரு அங்குலம் தண்ணீர்தான் தேறும். நாள்பட்டு இறுகிய பனியில் அதே உயரத்துக்குப் பல மடங்கு தண்ணீர் இருக்கும். எடை பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த முறைக்கு வழிகாட்டியவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் பேராசிரியராக இருந்தவர். குழாயின் விட்டத்திலேயே சூட்சுமம் இருக்கிறது. உள்ளே சிக்கும் பனி ஒரு அவுன்ஸ் எடை என்றால், ஒரு அங்குலம் தண்ணீர். அவ்வளவுதான் கணக்கு!

இப்போது ‘ஸ்னோ பில்லோ’ எனப்படும் சென்சார்களும் உண்டு. திரவம் நிரப்பிய தட்டையான பையின் மேல் பனி விழ விழ, அழுத்தத்தை வைத்து எடை தானாகப் பதிவாகும். விமானத்தில் இருந்து லேசர் மூலம் பனியின் உயரத்தையும் அளக்கிறார்கள்.

2015-ல் காய்ந்த புல், 2023-ல் 10 அடி பனி

2015 ஏப்ரல் 1. பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் அளக்கப் பனியே இல்லை, வெறும் புல்தரை! மாகாணம் முழுக்கப் பனியின் நீர் அளவு சராசரியில் 5 சதவீதம் மட்டுமே. அதே இடத்தில் நின்றபடி, நகர்ப்புறத் தண்ணீர் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன்.

2023 ஏப்ரலில் அப்படியே தலைகீழ். அதே இடத்தில் 126.5 அங்குல பனி. அதில் இருந்த தண்ணீர் 54 அங்குலம். மாகாண அளவில் சராசரியில் 237 சதவீதம்.

அளந்தாலும் ஏமாற்றும் பனி

2021-ல் பனியை அளந்து கணித்ததைவிட மிகக் குறைவான தண்ணீரே ஆறுகளுக்கு வந்தது. வறண்டு கிடந்த மண் ஒரு பகுதியை உறிஞ்சியது. ஒரு பகுதி ஆவியானது. அதனால் மலையின் பனியோடு, மண்ணின் ஈரத்தையும் கவனித்தாக வேண்டும்.

வெப்பம் கூடுவதால் வேறொரு சிக்கலும் இருக்கிறது. பனியாக விழ வேண்டியது மழையாகக் கொட்டுகிறது. பனியும் சீக்கிரமே உருகுகிறது. குளிர்காலத்தில் வெள்ளத்தைத் தாங்க அணைகளில் இடம் காலியாக வைக்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே வரும் தண்ணீரை எல்லாம் தேக்கி வைக்க முடியாது. மொத்த மழை குறையாவிட்டாலும், கோடையில் தட்டுப்பாடு வருவது இதனால்தான்.