குற்றக் கூண்டும் மருத்துவமனையும்

எல்லைக்கு இப்பால் குடித்தவன் குடிமகன். அப்பால் குடித்தவன் குற்றவாளி! பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் வயல் வரப்புகள் கண்ட வேடிக்கை இது.

1937 அக்டோபர் 1-ஆம் நாள் ஆச்சாரியார் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. தென்னார்க்காட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அதையொட்டிய பாகூரோ பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. பிரெஞ்சு நிலம் ஒரே துண்டாகவா கிடந்தது? தென்னார்க்காட்டு ஊர்களுக்கிடையே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயலைத் தாண்டினால் சட்டம் மாறும்! 1954 நவம்பர் 1-இல் கொடி மாறியது; கடை மாறவில்லை.

அப்பால் இருந்த அரசு குடித்தவனுக்குச் சிறையைக் காட்டிற்று. இப்பால் இருந்த அரசு அவனால் வருவாய் கண்டது. நோயாளியென்று அவனை நோக்கியது எந்த அரசு? இரண்டுமில்லை. 1921-இல் தம் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கை எதிர்த்தார் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழியொன்று 1989-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் பிறந்தது. போதைக்கு அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல், மருத்துவத்திற்கு அனுப்பும் தனி நீதிமன்றம் அது. ஒரே நீதிபதி அவரை மீண்டும் மீண்டும் அழைத்து, தேறினாரா என்று கேட்பார். தேறியவரைப் பாராட்டுவார், தவறியவரைக் கண்டிப்பார்.

அயல்நாட்டுப் புதுமை என்று ஒதுக்கிவிடாதீர்! நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். போதைப்பொருளை உட்கொண்டதாகவோ சிறிதளவு வைத்திருந்ததாகவோ குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட அடிமையை, அவர் இசைந்தால், உடனே தண்டிக்காமல் அரசு நடத்தும் அல்லது ஏற்கும் மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஓராண்டிற்குள் மருத்துவத்தின் பயனை நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். பயன் கண்டால், மூன்றாண்டுகள் வரை போதைப்பொருள் குற்றம் செய்வதில்லை என்ற பிணைமுறியுடன் விடுவிக்கலாம். 64-அ பிரிவோ, தாமே முன்வந்து மருத்துவம் பெறுவோர்க்கு வழக்கிலிருந்தே விலக்கு அளிக்கிறது. இடையில் கைவிட்டால் விலக்குப் போகலாம்.

சட்டம் இருக்கிறது. கோரிமேட்டில் நடுவணரசின் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கிறது. வில்லியனூர்க் கூலித் தொழிலாளி கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டால், இப்பிரிவை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும். மாதமொரு நாள் அவரை அழைத்துப் பேச ஒரே நீதிபதி வேண்டும். ஒரு நாட்கூலியை இழந்து வருபவர்க்குப் பேருந்துக் கட்டணமும் வேண்டும். சிறைச்சோற்றுக்குச் செலவிடும் அரசுக்கு இது பெருஞ்செலவா?

இன்னொன்று. அச்சட்டம் கஞ்சாவுக்கும் அபினுக்கும் பொருந்தும், சாராயத்திற்குப் பொருந்தாது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவர், சண்டையிட்டவர் எனக் கூண்டில் நிற்போருக்கு 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் உண்டு. விடுதலைக்கு மருத்துவத்தை நிபந்தனையாக்க நீதிபதி நினைத்தால், பாகூரில் அந்தச் சட்டத்திலிருந்தே தொடங்கலாம்.