பிரேக்கும் நடுக்கமும்

வேகமாகச் செல்லும் காரில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். உடனே ஸ்டீயரிங் அவர் கையில் நடுங்குகிறது. மிதிகட்டை காலுக்கடியில் துடிக்கிறது. வேகம் தணியத் தணிய நடுக்கமும் மெதுவாகி, வண்டி நின்றதும் மறைகிறது. "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாற்றுகிறார்கள். சில மாதங்களில் நடுக்கம் மீண்டும் வந்துவிடுகிறது. இது ஏன்? விடை காணப் பிரேக்கின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பிரேக் செய்யும் வேலை ஒன்றே: வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றுவது. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். சாதாரணத் தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் கொதிநிலைக்கு வர இது போதும். இவ்வளவு வெப்பமும் சில நொடிகளில் பிரேக்கின் இரும்புப் பரப்பில் இறங்குகிறது. பிரேக்கின் தொல்லைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறந்தவை.

1902ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை அமைத்தார். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை லைனிங் பதித்த இரு கட்டைகள் விரிந்து அழுத்தும். எளிய அமைப்பு, அரை நூற்றாண்டுக்கு மேல் உலகை ஆண்டது. ஆனால் சூடேறினால் டிரம் விரிந்து கட்டையைவிட்டு விலகும், பிடிமானம் குறையும். டிரம் வட்டம் மாறிச் சற்றே நீள்வட்டமானால் ஒவ்வொரு சுற்றிலும் பிடி இறுகித் தளரும், வண்டி உதறும். அக்காலத்து மெக்கானிக் டிரம்மை லேத்தில் கடைந்து வட்டத்தைச் சரிசெய்தார். நோயும் மருந்தும் பொருந்தியிருந்தன.

அதே 1902இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை இருபுறமும் கிடுக்கிபோல் பிடிக்கும் அமைப்பு அது. யோசனை நல்லதே, பொருள்தான் கைகொடுக்கவில்லை. பிடிக்கும் பரப்பில் அவர் வைத்த செம்பு கிறீச்சிட்டது, விரைவில் தேய்ந்தது. பின்னாளில் கல்நார் கலந்த லைனிங்குகள் வந்து அக்குறையைத் தீர்த்தன. அந்தக் கல்நார்த் தூசு நுரையீரலைக் கெடுப்பது தெரிந்து பிரிட்டன் 1999இல் அதைத் தடைசெய்தது தனிக்கதை.

டிஸ்க் பிரேக் விமானச் சக்கரங்களில் பயன்பட்டுத் தேறிய பின்னரே காருக்கு வந்தது. 1953இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. நீண்ட நேர்சாலையின் முடிவில் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் போட அதனால் முடிந்தது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கரங்களில் டிஸ்க்குடன் வெளிவந்தது. அதன்பின் டிஸ்க் மெல்ல மெல்லச் சாதாரணக் கார்களுக்கும் பரவியது.

பிரேக் மாறியது, நோயின் விளக்கம் மட்டும் மாறவில்லை. டிரம் வட்டம் மாறியதுபோல டிஸ்க்கும் சூட்டினால் வளைந்திருக்கும் என்று எல்லோரும் எண்ணினர். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். சீரான தடிமன் உள்ள தட்டு ஒன்று இலேசாகக் கோணிச் சுழல்கிறது. ஒரு பக்கத்துப் பேடை அது தள்ளும்போது மறுபக்கத்துப் பேட் பின்தொடர்ந்து வந்துவிடும். அழுத்தம் பெரிதாக மாறாது. தட்டின் தடிமனே இடத்துக்கு இடம் வேறுபட்டால்தான் தடித்த இடத்தில் பிடி இறுகும், மெலிந்த இடத்தில் தளரும். நடுக்கத்தின் வேர் இதுவே. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே கைக்குத் தெரியும். தலைமயிரின் தடிமனில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

இந்த வேறுபாடு எப்படி வருகிறது? இரு வழிகள் முக்கியமானவை. 'ஹப்' எனப்படும் சக்கரக் குடத்தில் துரு படிந்திருந்தாலோ, சக்கர நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலோ, புது டிஸ்க்கும் கோணலாகவே உட்காரும். பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேடை உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அவ்விடம் மெலிந்துவிடும். இன்று செய்த பிழை பல மாதம் கழித்து நடுக்கமாக வருவதால், காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை. மற்றது, பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிவது. கடுஞ்சூட்டில் வண்டியை நிறுத்தி, மிதித்த காலை எடுக்காமலிருந்தால் இப்படி நேரலாம். திட்டு உள்ள இடம் மேலும் சூடேறினால் வார்ப்பிரும்பிலுள்ள கார்பன் இரும்போடு சேர்ந்து 'சிமென்டைட்' என்ற கடினப் பொருளாகும். அது மற்ற இடம்போல் தேயாது.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. பிரேக் போடாதபோதும் நடுங்கினால் முதலில் டயரையும் சக்கரச் சமநிலையையும் பார்க்க வேண்டும். பிரேக்கில் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரம், இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஏ.பி.எஸ். உள்ள காரில் வழுக்கும் சாலையில் திடீரெனப் பிரேக் போடும்போது மிதிகட்டை துடிப்பது இயல்பு, அது நோயன்று. பிறகு டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்தை டயல் கேஜால் பார்க்க வேண்டும். டிஸ்க்கைக் கடைந்தாலும் மாற்றினாலும் ஹப்பின் துருவைச் சுரண்டித் துடைத்து, நட்டுகளை எதிரெதிராக, குறித்த முறுக்கு அளவுக்கு முடுக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றுபவர் நோயை ஹப்பிலேயே விட்டுவிடுகிறார். பழைய டிரம்முக்குப் பொருந்திய விளக்கத்தைப் புதிய டிஸ்க்குக்கும் ஒட்டவைத்ததால் நேர்ந்த செலவு இது. இயந்திரம் மாறும்போது அதைப்பற்றிய நம் எண்ணத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.