அடைபட்ட வீடுகளின் கதைத்தொகை

கொள்ளைநோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்களைக் கொண்டே எழுதுவர். நோயுற்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர், அடைக்கப்பட்ட நகரங்கள் இத்தனை என்று கணக்கு நீளும். கணக்கு வேண்டுவதே. ஆயினும், அடைத்த கதவுக்குப் பின்னால் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதை நம்பினர் என்பதைக் கணக்குச் சொல்லாது. அதைச் சொல்லக் கதை வேண்டும். 2020-ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்றின்போது, அக்கதைகளைச் சொல்லும் பணியைத் திரைப்படக் கலையில் ஒரு தனி வகை மேற்கொண்டது. பல இயக்குநர்கள் ஆளுக்கொரு குறும்படம் ஆக்க, அவற்றை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து வெளியிடும் தொகைப்படமே அவ்வகை. அதன் வரலாற்றையும், அது நமக்கு விட்டுச் சென்றுள்ள கடமையையும் இப்பேச்சில் காண்போம்.

தொகை என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. எட்டுத்தொகை நம்முடையது. அதனுள் ஒன்றாகிய குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டும் தனிப்பாட்டு; பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்குவது. பாடிய புலவர் பலர். பேசும் மாந்தரும் பலர். தனித்தனியே நோக்கின் அவை சிறியவை. ஒருங்கே நோக்கினாலோ, ஒரு காலத்து மக்களின் நெஞ்சமே அங்கு விரிந்து கிடக்கிறது. அத்தொகையில் முல்லை என்றொரு திணை உண்டு. அதன் உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்றவர் சொன்ன பருவத்தில் மீள்வார் என்ற நம்பிக்கையோடு வீட்டில் ஆற்றி இருப்பதே அது. பாலை என்றொரு திணையும் உண்டு. அதன் உரிப்பொருள் பிரிதல். அதன் நிலம் வெயில் காயும் நெடுவழி. இவ்விரண்டையும் மனத்தில் கொள்வோமாக. 2020-ஆம் ஆண்டின் வரலாற்றை விளங்கிக்கொள்ள அவை நமக்குத் துணைசெய்யும்.

கொள்ளைநோய்க் காலத்தில் கதைகளைத் தொகுக்கும் வழக்கம் மேலை நாட்டிலும் பழமையானது. 1348-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்சு நகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. அந்நகரத்துப் பொக்காச்சியோ என்னும் எழுத்தாளர் அதனைப் பின்னணியாகக் கொண்டு ‘டெக்கமரான்’ என்னும் நூலை இயற்றினார். ஏழு பெண்களும் மூன்று ஆடவரும் நோய்க்கு அஞ்சி நகரை நீங்கி, நாட்டுப்புற மாளிகையில் தங்குகின்றனர். நாளொன்றுக்குப் பத்துக் கதையாகப் பத்து நாளில் நூறு கதைகளைச் சொல்லுகின்றனர். கதை சொல்லுதல் அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. அச்சத்தினிடையே மனம் சிதையாமல் காக்கும் வழி அது. ஆனால், ஒன்றை நாம் மறக்கலாகாது. ஊரை விட்டு நீங்கித் தங்க மாளிகை உடையவர் வாயிலாகவே அந்நூறு கதைகளும் வருகின்றன.

இனி, நம் நாட்டின் பழைய துயரம் ஒன்றை நோக்குவோம். 1918-ஆம் ஆண்டில் இன்புளுயன்சா என்னும் விஷக்காய்ச்சல் இந்தியாவில் பரவியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். 20-ஆம் நூற்றாண்டில் இந்திய மக்கள்தொகை குறைந்து காணப்பட்டது 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டுமே. இத்துணைப் பெரிய அழிவுக்கு எத்தனை கதைகள் எஞ்சின? இந்திக் கவிஞர் நிராலா அந்நோய்க்குத் தம் மனைவியையும் உறவினரையும் பறிகொடுத்தார். கங்கையாறு பிணங்களால் நிறைந்திருந்த காட்சியை 1939-இல் வெளியான ‘குல்லி பாட்’ என்னும் நூலில் அவர் பதிந்து வைத்தார். அத்தகைய பதிவுகள் மிகச் சிலவே. சென்னையில் நடராச முதலியார் ‘கீசகவதம்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்ததும் அந்த ஆண்டுகளை ஒட்டியே. திரைக்கலை நம் நாட்டில் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது; நோயுற்ற வீட்டின் கதையை அது சொல்லவில்லை. ஆதலால், கோடி உயிர்களின் மறைவு கணக்கேட்டில் ஒரு குறைவாக நின்றதேயன்றி, மக்கள் நெஞ்சில் நினைவாக நிலைக்கவில்லை.

நூறாண்டுக்குப் பின் நிலைமை மாறியது. 2020 மார்ச் 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, அன்று நள்ளிரவு முதல் நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. பின்னர் அது பலமுறை நீட்டிக்கப்பட்டது. படப்பிடிப்புகள் நின்றன, திரையரங்குகள் மூடப்பட்டன. நாட்கூலியை நம்பிய திரைத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். தமிழ்நாட்டில் திரையரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாளில்தான். அன்றும் பாதி இருக்கைகளுக்கே இசைவு கிடைத்தது. கதை சொல்லுவோருக்கு அரங்கமும் இல்லை, கூட்டமும் இல்லை. எஞ்சியிருந்தவை வீடு, கைப்பேசி, இணையம் ஆகிய மூன்றே.

அம்மூன்றையும் கொண்டே அவர்கள் தொடங்கினர். 2020 மே மாதத்தில் கௌதம் வாசுதேவ் மேனன் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ என்னும் குறும்படத்தை இணையத்தில் வெளியிட்டார். சிலம்பரசனும் திரிஷாவும் தத்தம் வீட்டிலிருந்தே அதில் நடித்தனர். அடுத்த மாதம் 30-ஆம் நாள் ‘ஹோம்மேட்’ என்ற பெயரில், அதாவது வீட்டில் ஆக்கியது என்னும் பொருளில், பல நாட்டு இயக்குநர்களின் 17 குறும்படங்கள் அடங்கிய தொகை நெட்பிளிக்ஸ் தளத்தில் வந்தது. கிடைத்த கருவியும் வீட்டாரும் சுற்றுப்புறமுமே அவர்களுக்குப் போதுமானவையாயின. இத்தாலியரான பாவோலோ சொரெந்தினோ, போப்பாண்டவரும் இங்கிலாந்து அரசியும் ஊரடங்கில் ஓரிடத்தில் அகப்பட்டுக்கொண்டதாகக் கற்பனை செய்து, சிறு பொம்மைகளை வைத்தே தம் படத்தை முடித்தார். பிரான்சு நாட்டு லாஜ் லீயின் படத்தில் ஒரு சிறுவன் ஆளில்லாப் பறக்கும் கருவியை அனுப்பி, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சாளரங்கள் வழியே பிறர் வாழ்வைக் காண்கிறான். சாளரந்தோறும் ஒரு கதை இருந்தது. தொகைப்படத்தின் இயல்பு முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

தமிழில் இம்முயற்சி 2020 அக்டோபர் 16-ஆம் நாள் ‘புத்தம் புதுக் காலை’ என்னும் பெயரோடு அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்தது. சுதா கொங்கரா, கௌதம் வாசுதேவ் மேனன், சுஹாசினி மணிரத்னம், ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்பராஜ் ஆகிய ஐவர் ஐந்து கதைகளை அளித்தனர். முதற்கதையில், துணையை இழந்த முதியோர் இருவர் ஊரடங்கால் ஒரே வீட்டில் தங்க நேர்ந்து, அன்பினால் மீண்டும் இளமை எய்துகின்றனர். இரண்டாவதில், மனத்தாங்கலோடு வந்த பேத்தி, தனித்து வாழும் தாத்தாவை நாளடைவில் அறிந்துகொள்கிறாள். மூன்றாவதில், நினைவிழந்து கிடக்கும் தாயைச் சுற்றி மகளிரின் பழைய பிணக்குகள் கரைகின்றன. நான்காவதில், மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்து தங்க நேர்ந்த பழைய தோழி, தன்னைப் பற்றியிருந்த போதைப் பழக்கத்தை எதிர்கொள்கிறாள். ஐந்தாவது, கைப்பொருள் அற்றுத் திருட முற்படும் இருவரின் கதை.

இவற்றுள் முதல் நான்கும் ஒரே உண்மையைச் சொல்லுகின்றன. ஓடிக்கொண்டே இருந்த மக்கள் நிற்க நேர்ந்தபோது, அருகில் இருந்தவரை அறிந்தனர் என்பதே அது. இதுவே முல்லையின் இருத்தல். நோய் நீங்கும் பருவம் வரும் என நம்பி, வீட்டில் ஆற்றியிருந்தவர்களின் வாழ்வை இப்படங்கள் அன்போடு காட்டின. அந்நாளில் மக்களுக்கு அத்தகைய ஆறுதல் வேண்டியிருந்தது. அதை ஏளனம் செய்தல் முறையன்று.

ஆயினும், வரலாறு பயில்வோர் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். வீட்டில் இருங்கள் என்று சொன்னபோது, இருப்பதற்கு வீடு இல்லாதவர் என்ன செய்தனர்? வேலையும் கூலியும் ஒருங்கே நின்றுபோன வெளிமாநிலத் தொழிலாளர்கள், புகைவண்டியும் பேருந்தும் ஓடாத நாளில் நூற்றுக்கணக்கான மைல் தொலைவைக் கால்நடையாகக் கடக்கத் தொடங்கினர். தொழிலாளர்க்கெனத் தனிப் புகைவண்டிகள் ஓடத் தொடங்கியது மே முதல் நாளில்தான். அந்த ஊரடங்கில் சொந்த மாநிலம் திரும்பிய தொழிலாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. முல்லை வீட்டுக்குள் இருந்தது. பாலையோ நெடுஞ்சாலையில் நடந்தது. டெக்கமரானில் கண்ட குறையை இங்கும் காண்கிறோம். மாளிகையில் இருந்தவர் கதை முதலில் வந்தது. வழியில் நடந்தவர் கதை பிந்தி வந்தது.

பிந்தினாலும் அது வந்தது என்பது பாராட்டத்தக்கது. 2020 டிசம்பர் 18-ஆம் நாள் வெளியான ‘அன்பாஸ்ட்’ என்னும் இந்தித் தொகையில் அவினாஷ் அருண் இயக்கிய ‘விஷாணு’ என்றொரு கதை உண்டு. வேலை தேடி மும்பைக்கு வந்த ஏழைக் குடும்பம் ஒன்று, குடியிருக்க இடமின்றி, வாங்குவோருக்குக் காட்டுவதற்காக அலங்கரித்து வைத்திருந்த மாதிரி வீடு ஒன்றில் ஒளிந்து வாழ்கிறது. விற்பனைக்கு வைத்த அழகான வீடு வெறுமையாய் நிற்க, அதைக் கட்டும் இனத்தவர்க்குக் கூரை இல்லை. ஊரடங்கு இம்முரணை உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததை வெளிச்சமிட்டுக் காட்டியது. 2021-ஆம் ஆண்டில் வினோத் காப்ரி வெளியிட்ட ‘1232 கிலோமீட்டர்’ என்னும் உண்மைப்படம், காசியாபாத்திலிருந்து பீகாரின் சகர்சாவுக்கு மிதிவண்டியில் சென்ற ஏழு தொழிலாளர்களை உடன்சென்று பதிவு செய்தது. அது தொகைப்படம் அன்று. ஆனால், தொகைகள் விட்ட இடத்தை அது நிரப்பியது.

2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலை முதல் அலையினும் கொடியதாக வந்தது. மருத்துவமனைகளில் படுக்கையும் உயிர்வளியும் கிடைக்காமல் மக்கள் அலைந்தனர். அதற்குப் பின் வந்த தொகைகளில் துயரத்தின் நிறம் ஆழ்ந்து காணப்படுகிறது. 2022 சனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, ‘புத்தம் புதுக் காலை விடியாதா’ வெளிவந்தது. முதல் தொகையின் பெயர் விடிந்த காலையைப் பேசியது. இரண்டாவதன் பெயரோ விடியாதா என்று கேட்கிறது. ஈராண்டுத் துன்பம் அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. அதில் பாலாஜி மோகன் ஊரடங்குக் காவலில் நிற்கும் இளங்காவலர் இருவரைக் காட்டினார். மதுமிதா, ஒரே வீட்டில் பேச்சற்று வாழ்ந்த கணவன் மனைவியரிடையே நோய் புகுந்தபோது நிகழ்ந்ததைக் காட்டினார். ரிச்சர்டு ஆந்தணி, தந்தையை இழந்த மகளின் துயரைக் காட்டினார்.

அடுத்த வாரம் வந்த ‘அன்பாஸ்ட்’ இரண்டாம் தொகை இன்னும் ஒருபடி முன்சென்றது. அதில் ஒரு கதையில், பள்ளி ஆசிரியை ஒருத்தி நோயாளிகளுக்குப் படுக்கை ஒதுக்கும் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றுகிறாள். தன் மகனின் சாவோடு தொடர்புடைய ஒருவனுக்காக அங்கே அழைப்பு வருகிறது. பகையா, கடமையா என்பது அவள் முன் நிற்கும் கேள்வி. மற்றொன்று நாகராஜ் மஞ்சுளே இயக்கி நடித்த ‘வைகுண்ட்’. ஓயாது பிணம் எரிக்கும் தொழிலாளி ஒருவன். அவன் தந்தையோ நோயுற்று மருத்துவமனையில் கிடக்கிறார். குடியிருந்த இடத்தையும் இழந்து, சிறு மகனோடு சுடுகாட்டிலேயே தங்குகிறான். முதியோரின் காதலில் தொடங்கிய திரைத்தொகை சுடுகாட்டுத் தொழிலாளியின் குடிலை எய்த ஓராண்டுக்கு மேலாயிற்று. அதுவே இவ்வகையின் வரலாறு. அதுவே அதன் வளர்ச்சியுமாகும்.

இப்படங்கள் எல்லாம் நம்பிக்கையைப் பேசுவன என்பர். நம்பிக்கை என்பது யாது? எல்லாம் நலமாகவே முடியும் என்று எண்ணி இருத்தல் அன்று. பிணம் எரிப்பவன் தன் தந்தை மீள்வார் எனக் காத்திருப்பதும் நம்பிக்கை; பகைவனுக்கும் படுக்கை தரலாமா என்று ஆசிரியை ஒருகணம் தயங்குவதும் மனிதத் தன்மையின்மேல் வைத்த நம்பிக்கையே. துன்பத்தைக் காணாமல் கண்ணை மூடிக்கொண்டு பெறும் ஆறுதல் விரைவில் மறைந்துவிடும். துன்பத்தைக் கண்டபின்னும் எஞ்சி நிற்பதே நிலைக்கும்.

மாணவர்களே! உங்களில் பலர் அந்த ஊரடங்கைச் சிறுவயதில் கண்டவர்கள். கைப்பேசித் திரையில் பாடம் கேட்டவர்களும், கைப்பேசி இல்லாமையால் பாடத்தை இழந்தவர்களும் உங்களிடையே இருக்கின்றனர். 1918-ஆம் ஆண்டின் சிறுவர்கள் கண்டதைக் கேட்டு எழுதுவோர் இல்லாமல், அவர்களோடு அவர்கள் கதைகளும் மறைந்தன. உங்கள் தெருவில் அன்று உணவு சமைத்து அளித்தவர், குப்பை அள்ளியவர், கூலியின்றி ஊர் திரும்பியவர், உற்றாரின் முகத்தை இறுதியாகக் காணவும் இயலாதவர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைக் கேளுங்கள், கேட்டதை நாளும் இடமும் குறித்து எழுதிவையுங்கள். திரைப்படம் எடுக்கப் பொருள் வேண்டும். எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும். குறுந்தொகையில் பாடியவர் பெயர் தெரியாத பாட்டுகளும் இடம்பெற்றுள்ளன. பெயரற்றவரையும் விடாது சேர்த்துக்கொண்ட காரணத்தால் அத்தொகை பெருமை உற்றது. ஊரடங்கின் கதைத்தொகையும் அவ்வாறே நிறைவுபெற வேண்டும். அதில் இன்னும் சேராத கதைகள் பல. அவற்றைச் சேர்க்கும் உரிமையும் பொறுப்பும் உங்களுடையவை.