செம்மணியும் அதன் விலையும்: கடற்கரை மணல் முதல் அரிக்கமேடு வரை

பழந்தமிழ் நூல்களில் ‘மணி’ என வாளா கூறப்பட்டுச் செந்நிறம் பற்றிய குறிப்பும் உடன்வரின், அதனை மாணிக்கம் என்றே பொருள் கொள்வது நம்மிடையே பெருவழக்காக உள்ளது. இவ்வழக்கு எல்லா இடத்தும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. செந்நிறமுடைய கற்கள் பல. அவற்றுள் இந்நாட்டில் மிகுதியாகக் கிடைப்பதும், மேனாட்டு வணிகர் நெடுங்காலம் நாடி வந்ததும் கார்னெட்டு எனப்படும் இனமாகும். அதன் விலை எவற்றால் ஏறிற்று, எவற்றால் இறங்கிற்று என்பதனைத் தெளிந்தாலன்றி, நூல்களில் வரும் செம்மணியை இன்னதென வரையறுத்தல் அரிது.

செங்கற்பட்டு நாட்டின் கடற்கரையிலிருந்தே தொடங்குவோம். கேளம்பாக்கத்து உப்பளங்களைக் கடந்து கோவளத்துக் கரையை அடைவார், அலை ஒதுக்கிய மணலிடையே கருமையும் செம்மையுமான கோடுகள் சில இடங்களில் படிந்திருக்கக் காணலாம். அச்செம்மைக்குக் காரணம் பெரும்பாலும் கார்னெட்டின் நுண்துகள்களே. இவ்வட்டாரப் பாறைகள் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெளிப்பட்டுத் தோன்றும் சார்னோக்கைட்டு வகையையும் அதனோடு இயைந்த பிற வகைகளையும் சார்ந்தவை. சார்னோக்கைட்டு என்னும் பெயர், கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை நோக்கி ஹாலந்து என்னும் நிலநூலறிஞர் 1893-இல் இட்டது. இப்பாறைத் தொகுதியில் ஆங்காங்கே கார்னெட்டு உண்டு. ஆயின் அது பிளவுபட்டும் ஒளி புகாமலும் இருத்தலே பெரும்பான்மை. பாறை சிதைந்து ஆற்றாலும் அலையாலும் அரைபட்டுக் கரை சேரும்போது எஞ்சுவது மணலளவான துகளே. அதற்கு விலை உண்டு. அவ்விலை மணிக்குரிய விலையன்று. கார்னெட்டு மணல் டன் கணக்கில் நிறுக்கப்பட்டு, இரும்பைத் தேய்க்கவும் நீர்த்தாரையால் உலோகம் அறுக்கவும் பயன்படுகின்றது. தென்கோடி மாவட்டங்களின் கரையில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. 2013-இல் தமிழ்நாட்டரசு கடற்கரைக் கனிம அகழ்வைத் தடை செய்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் டன்னாகவும் ஓரிடத்தில் காரட்டாகவும் நிறுக்கப்படுதல் ஈண்டு நோக்கத்தக்கது. காரட்டு என்பது ஒரு கிராமின் ஐந்தில் ஒரு பங்கேயாம்.

கார்னெட்டு என்பது ஒரு கல்லின் பெயரன்று. ஓர் இனத்தின் பெயர். இரும்பும் அலுமினியமும் கூடியது அல்மண்டைன். மக்னீசியம் மிக்கது பைரோப்பு. மாங்கனீசு மிக்கது ஸ்பெசார்ட்டைன். கால்சியமும் அலுமினியமும் கூடியது குரோசுலார். இவையன்றி ஆண்ட்ரடைட்டு, உவரோவைட்டு என இரண்டும் உள. நம் கோமேதகம் குரோசுலாரின் ஒரு வகை. இவற்றுள் அல்மண்டைன் எங்கும் மலிந்தது. ஆதலின் கல் பெரிதாயினும் விலை அதற்கேற்ப விரைந்து ஏறுவதில்லை. பச்சை நிறக் கார்னெட்டோ மிக அரிது. யூரல் மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட டெமண்டாய்டும், தான்சானியாவில் 1967-இல் கண்ட சாவொரைட்டும் சிறு கல்லாயினும் பெருவிலை பெறுவன. நிறம், தெளிவு, பருமை, அறுத்த திறம் என்னும் நான்கும் விலைக்குக் காரணமாவன என்பர். அவற்றின்மேல் அருமை என்னும் ஐந்தாவதே ஆட்சி செலுத்துகின்றது என்பது எம் கருத்து.

இக்கருத்தை வலியுறுத்தும் சான்று அரிக்கமேட்டில் கிடைக்கின்றது. 1945-இல் வீலரும், அடுத்துக் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த இவ்விடம் பண்டு மணி செய்யும் தொழிற்களமாக விளங்கியது. ஆங்குக் கிடைத்த கார்னெட்டு மணிகளின் வேதியியற் கூறுகளையும் உள்ளடங்கிய நுண்கனிமங்களையும் சோதித்த ஷ்மெட்சர் முதலியோர், அவை தெலங்கானத்துக் கரீப்பேட்டிலிருந்து வந்தவை என 2017-இல் நிறுவினர். கரீப்பேட்டு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. கேளம்பாக்கமோ ஏறக்குறைய 100 கிலோமீட்டரே. காலடியில் கிடந்த சிவந்த மணலைப் பொருட்படுத்தாது, தொலைவிலிருந்து கல் வருவித்தனர் மணிவினைஞர். துளையிடுதற்கேற்ற பருமையும் ஒளி ஊடுருவும் தெளிவும் உடைய கல்லே அவர்க்கு மணியாயிற்று. வழிச்செலவையும் தாங்கி ஊதியம் தரும் விலை அதற்கு இருந்தது என்பதும் இதனால் பெறப்படும்.

அவ்விலையைத் தந்தோருள் மேனாட்டாரும் அடங்குவர். உரோமானிய அறிஞர் பிளினி, தம் நூலின் 37-ஆம் பகுதியில் தழல் போலும் செந்நிறக் கற்களையெல்லாம் ‘கார்புங்குலுஸ்’ என்னும் ஒரு பெயரால் வழங்கி, இந்தியக் கல்லையும் அதனுள் வைத்தார். மாணிக்கமும் கார்னெட்டும் அவர்க்கு ஒரு தொகுதியே. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் பிராங்கு மக்களின் அணிகலன்களில் பதித்த கார்னெட்டுத் தகடுகளைப் பாரிசு ஆய்வாளர் சோதித்து, அவற்றுட் பல இந்தியாவினும் இலங்கையினும் தோன்றியவை எனக் கண்டனர். பின்னர்க் கீழைநாட்டுக் கல் வருதல் அருகிற்று. ஏழாம் நூற்றாண்டில் பொகீமியாவின் சிறு பைரோப்புகள் அவ்விடத்தைப் பிடித்தன. வரவு தடைப்பட்டதன் காரணம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை.

நம் நாட்டில் தரம் பார்த்தல் நூல்வழியும் வழக்குவழியும் வளர்ந்தது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுங்கால் கல்லின் குணத்தோடு குற்றத்தையும் வகுத்துரைக்கின்றது. ஆங்கு இரு நிறம் விரவியதாகச் சுட்டப்படும் மணியைக் கோமேதகம் என உரை கொள்வர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஒவ்வோர் அணிகலத்திலும் உள்ள கற்களை எண்ணி, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறையிட்டு, விலையைக் காசிற் குறித்துள்ளன. காவியப் புலவரினும் கோயிற் கணக்கர் இத்துறையில் நமக்குப் பெரிதும் உதவுவர் எனல் மிகையாகாது.

கோமேதகத்தின் விலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நவமணிகளுள் ஒன்று. இராகுவுக்கு உரியதாகக் கருதப்படுவது. இந்நம்பிக்கையால் எழும் வேட்கை, அதே தெளிவுடைய செந்நிற அல்மண்டைனுக்கு இல்லை. இலங்கையினின்று வரும் கோமேதகம் கடைத்தெருவில் தனிமதிப்புப் பெறுவதும் காண்கிறோம். எனினும் பெயர் கொண்டு கல்லைத் துணிதல் இங்கும் இடர் தரும். தேன்நிறச் சிர்க்கானும் குரோசுலாரும் வணிகரால் நெடுநாள் ஒன்றாகவே மயங்கக் கொள்ளப்பட்டன.

மாணிக்கத்துக்கும் அதனையொத்த ஸ்பினலுக்கும் உள்ள வேற்றுமையைப் பிரெஞ்சு நாட்டு உரோமே தெ லீல் தெளிவுறுத்தியதே 1783-இல்தான். அதற்கு முன் கண்ணும் நிறைகோலும் கைப்பழக்கமுமே அளவைகள். மாணிக்கத்தின் கடினம் 9. அல்மண்டைனுடையது ஏறக்குறைய 7½. கல்லைக் கல்லால் கீறிப் பார்த்த மணிவினைஞன் இவ்வேறுபாட்டை எண்ணின்றியே உணர்ந்திருப்பான். கல்லைக் கையாளாத புலவன் நிறம் ஒன்றையே கண்டு பாடியிருப்பான். ஆதலின் செம்மணி வருமிடமெல்லாம் மாணிக்கம் என உரையெழுதுவதினும், செந்நிற மணி என்ற அளவில் நிறுத்தி, அகழாய்வுச் சான்று உள்ளவிடத்து மட்டும் கல்லின் இனத்தைச் சுட்டுதல் பதிப்பாசிரியர்க்குத் தக்கதாகும்.